பழைய ஜான்சன், எவின்ரூட் எஞ்சினில் ஹாரன் கத்தினால்: காரணத்தைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஹாரன் ஒன்று, அது சொல்லும் சேதி நான்கு. 1984 முதல் 1995 வரை வந்த ஜான்சன், எவின்ரூட் டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சின்களில் இதுதான் தலைவலி. எஞ்சின் சூடானாலும், ஆயில் வராவிட்டாலும், ஆயில் டேங்க் காலியாகிக்கொண்டிருந்தாலும், சில மாடல்களில் பெட்ரோல் வருவதில் தடை இருந்தாலும் அதே சின்ன ஹாரன்தான் கத்தும். எப்படிக் கத்துகிறது என்று காது கொடுத்துக் கேட்டவருக்குப் பாதி வேலை முடிந்தது. எரிச்சலில் வயரைப் பிடுங்கிப் போட்டவர் பிறகு பிஸ்டன் வாங்க அலைவார்.

ஜான்சன், எவின்ரூட் இரண்டும் ஒரே எஞ்சின்தான். அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்க நிறுவனம், அதாவது ஓஎம்சி, 2000 டிசம்பரில் திவாலாகும் வரை ஒரே எஞ்சினை இரண்டு பெயரில் விற்றது. ஆகவே கீழே சொல்வது இரண்டுக்கும் பொருந்தும். பேச்சு பெரும்பாலும் விஆர்ஓ ஆயில் பம்ப் (பெட்ரோலோடு ஆயிலைத் தானே கலக்கும் பம்ப்) வைத்த வி4, வி6 எஞ்சின்களைப் பற்றியது. 1996க்குப் பிந்தைய, விளக்குகளால் எச்சரிக்கும் சிஸ்டம்செக் மாடல்கள், யமஹா, மெர்க்குரி ஆகியவற்றுக்குக் கடைசியில் தனியாகச் சில குறிப்புகள் உண்டு.

எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்

விடாமல் ஒரே சீராகக் கத்தினால் எஞ்சின் ஹெட் சூடாகிவிட்டது. பெட்ரோல் லைனில் வெற்றிட ஸ்விட்ச் உள்ள மாடல்களில் பெட்ரோல் தடைக்கும் இதே சத்தம்தான் வரும்.

அரை விநாடி கத்தி, அரை விநாடி ஓய்ந்து, மறுபடி கத்தினால் விஆர்ஓ பம்ப்புக்கு ஆயில் போகவில்லை. நான்கில் இதுதான் மிக ஆபத்தானது.

20 அல்லது 40 விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு 'பீப்' வந்தால் ஆயில் டேங்கில் கால் பங்குதான் மீதி. இதற்குப் பதற வேண்டாம். சுமார் 6.8 லிட்டர் பிடிக்கும் டேங்கில் கால் பங்கு என்றால் 1.7 லிட்டர். 50 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் ஆயில் என்ற கணக்கில் 85 லிட்டர் பெட்ரோலுக்கு அது போதும். கரை திரும்பி நிரப்பினால் சரி. டேங்க் நிரம்பியிருக்கும்போதும் இந்த பீப் வந்தால் டேங்குக்குள் இருக்கும் மிதவை ஸ்விட்ச் சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது அதன் வயர் எங்கோ எர்த் ஆகிறது.

தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும்போது

விடாத சத்தம் கேட்டதும் த்ராட்டிலை ஐடிலுக்கு இறக்குங்கள். உடனே சாவியை அணைக்காதீர்கள். இம்பெல்லர் (தண்ணீரை மேலேற்றும் ரப்பர் சக்கரம்) நன்றாக இருந்தால் ஐடிலில் ஓடும் தண்ணீர்தான் ஹெட்டைக் குளிர்விக்கும். பின்னால் எட்டிப் பார்த்து, எஞ்சினிலிருந்து பீய்ச்சும் நீர்த்தாரை வருகிறதா என்று கவனியுங்கள். வரவில்லை என்றால் அணைத்துவிட்டு எஞ்சினைத் தூக்குங்கள். ப்ரொப்பெல்லர் பொருந்தும் கீழ்ப்பகுதியான கியர் கேஸின் இருபுறமும் உள்ள தண்ணீர் வாயிலில் பிளாஸ்டிக் பையோ பாசியோ ஒட்டியிருக்கலாம். நீர்த்தாரை நன்றாக வந்து, ஐடிலில் இரண்டு நிமிடம் ஓடியும் சத்தம் நிற்கவில்லை என்றால் அப்போதும் அணைத்துவிட வேண்டியதுதான்.

பெட்ரோல் கைப்பம்பைத் தொட்டுப் பார்க்கவும் இதுவே நேரம். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தால் சிக்கல் சூட்டில் இல்லை, பெட்ரோல் லைனில் இருக்கிறது.

விட்டு விட்டுக் கத்தும் ஆயில் அலாரத்துக்கு அவகாசமே கிடையாது. அணைத்துவிடுங்கள். ஆயில் டேங்கில் ஆயில் இருக்கிறதா, குழாய் கழன்றிருக்கிறதா பாருங்கள். வேறு வழியில்லாமல் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பெட்ரோல் டேங்கிலேயே 25 லிட்டருக்கு அரை லிட்டர் வீதம் டிசி-டபிள்யூ3 (TC-W3, படகு டூ ஸ்ட்ரோக்குக்கான வகை) ஆயிலைக் கலந்துவிட்டு ஓட்டலாம். இதற்காகவே படகில் எப்போதும் ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாகக் கிடக்க வேண்டும். லைனிலும் கார்புரேட்டரிலும் ஏற்கெனவே நிற்கும் ஆயில் கலக்காத பெட்ரோல் முடியும் வரை ஐடிலில் மட்டும் ஓட விடுங்கள்.

நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டி, அணைத்து, ஐந்து பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்யும்போது ஹாரன் சற்றுக் கத்தி ஓய்ந்தால் அது வேறு விஷயம். தண்ணீர் ஓட்டம் நின்ற பிறகு சிலிண்டரின் சூடு ஹெட்டுக்கு ஏறுவதால் வருவது அது. தண்ணீர் ஓடத் தொடங்கியதும் நின்றுவிட்டால் பழுது இல்லை.

ஹாரன் எப்படி வேலை செய்கிறது

கரையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் முன் இந்தச் சுற்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்ததும் ஊதா நிற வயர் வழியாக ஹாரனுக்கு 12 வோல்ட் வந்து நிற்கும். ஹாரனின் மறுமுனையில் இளம்பழுப்பு நிற வயர். அது எஞ்சினுக்குப் போய் இரண்டு ஹெட்டிலும் உள்ள சூட்டு ஸ்விட்ச், விஆர்ஓ பம்ப், ஆயில் டேங்க் மிதவை, இருந்தால் வெற்றிட ஸ்விட்ச் எல்லாவற்றோடும் இணைகிறது. இவற்றில் ஏதாவது ஒன்று அந்த வயரை எர்த் செய்தால் ஹாரன் கத்தும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். இளம்பழுப்பு வயரின் உறை எங்காவது தேய்ந்து எஞ்சின் உடம்பில் உரசினாலும் ஹாரன் கத்தும், ஆனால் பழுது எதுவும் இருக்காது. அதே வயர் எங்காவது அறுந்துபோனால் எஞ்சின் எரிந்தாலும் ஹாரன் வாயே திறக்காது. இரண்டாவதுதான் மோசம். பழைய படகு வாங்குபவர்கள் ஹாரன் கத்தவில்லை என்பதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். முந்தைய உரிமையாளர் வயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருப்பது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

முதல் வேலை: ஹாரனுக்கு உயிர் இருக்கிறதா

1. எஞ்சின் மூடியைக் கழற்றி, ஹெட்டில் செருகியிருக்கும் சூட்டு ஸ்விட்சிலிருந்து வரும் இளம்பழுப்பு வயரின் ஒற்றை இணைப்பைப் பிரியுங்கள்.

2. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள்.

3. ஹாரன் பக்கம் போகும் முனையை ஒரு வயர் துண்டால் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்தில் தொடுங்கள். ஹாரன் கத்த வேண்டும்.

4. கத்தவில்லையா? ஹாரனுக்கே போய் ஊதா வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளவுங்கள். வருகிறது என்றால் ஹாரனின் இளம்பழுப்பு முனையை அங்கேயே எர்த் செய்து பாருங்கள். இப்போதும் மௌனம் என்றால் ஹாரன் செத்துவிட்டது. கத்தினால் ஹாரனுக்கும் எஞ்சினுக்கும் இடையே வயர் அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பெரிய சிவப்பு ரப்பர் பிளக்குக்குள் ஒரு ஊசி பச்சை பிடித்துக் கிடக்கும்.

5. இதே சோதனையை மறுபக்க ஹெட்டின் வயரிலும் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் வி4 எஞ்சின்கள் உண்டு.

புது ஹாரன் போடுவதென்றால் 12 வோல்ட்டில் ஓடும் சிறு பீசோ பஸ்ஸர் போதும். கார் ஹாரனை இணைத்துவிடாதீர்கள். அது இழுக்கும் மின்சாரத்தை இந்தக் குட்டி ஸ்விட்சுகள் தாங்காது, விஆர்ஓ பம்ப்பின் எலக்ட்ரானிக்ஸ் சுத்தமாகத் தாங்காது.

இரண்டாவது வேலை: உண்மையான சூடா, பொய்யான அலாரமா

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். அளந்து பார்க்காமலே "சென்சார் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானி இப்போது சகாய விலைக்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். ஆகவே ஹெட்டில் சூட்டு ஸ்விட்ச் பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து அந்த இடத்தையே ஒவ்வொரு முறையும் அளவுங்கள்.

தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) சுமார் 62 டிகிரி செல்சியஸில் திறக்கிறது. எனவே ஐடிலில் ஹெட் 50 முதல் 70 டிகிரிக்குள் இருப்பது இயல்பு. வேகம் கூடும்போது அழுத்த வால்வு திறந்து தண்ணீர் தாராளமாகப் பாய்வதால் சூடு இன்னும் குறையும். சூட்டு ஸ்விட்ச் இணைவது சுமார் 95 டிகிரியில், திரும்பப் பிரிவது சுமார் 80 டிகிரியில். ஹாரன் கத்தும்போது ஹெட் 60 டிகிரியில் இருந்தால் அது பொய் அலாரம். 90ஐத் தாண்டியிருந்தால் ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. இரு பக்க ஹெட்டையும் அளக்க மறக்காதீர்கள். ஒரு பக்கம் 60, மறுபக்கம் 95 என்று வந்தால் இம்பெல்லரை விட்டுவிட்டு, சூடான பக்கத்துத் தெர்மோஸ்டாட்டையும் ஹெட் கேஸ்கட்டையும் முதலில் சந்தேகியுங்கள்.

ஸ்விட்சைத் தனியாகச் சோதிக்க அதைக் கழற்றி, சமையல் எண்ணெயில் முனை மட்டும் மூழ்கும்படி வெப்பமானியோடு சேர்த்துத் தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வயருக்கும் உலோக உடம்புக்கும் வையுங்கள். குளிர்ச்சியில் இணைப்பே காட்டக் கூடாது. 95 டிகிரியை ஒட்டி இணைப்பு காட்ட வேண்டும். தண்ணீரில் செய்தால் கொதிநிலைக்குப் பக்கத்தில் அளவு தடுமாறும். அதனால்தான் எண்ணெய். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

பொய் அலாரத்தைத் துரத்திப் பிடிப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கிறது, சாவி ஆன் செய்ததுமே ஹாரன் கத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சாவி ஆனில் இருக்க, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள்: இடப்பக்கச் சூட்டு ஸ்விட்ச், வலப்பக்கச் சூட்டு ஸ்விட்ச், விஆர்ஓ பம்ப்பின் நான்கு வயர் பிளக், ஆயில் டேங்க் மிதவை, வெற்றிட ஸ்விட்ச். எதைப் பிரித்தபோது சத்தம் நின்றதோ குற்றவாளி அதுதான், அல்லது அதற்குப் போகும் வயர்.

எல்லாவற்றையும் பிரித்தும் கத்தினால் சிக்கல் வயரிங்கில். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெரிய சிவப்பு பிளக்கைக் கழற்றிப் பார்த்து, "சத்தம் நின்றுவிட்டது, அப்படியானால் எஞ்சின் பக்கம்தான் பழுது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த பிளக் வழியாகத்தான் சாவிக்கே மின்சாரம் வருகிறது. அதைக் கழற்றினால் எந்த ஹாரனும் நிற்கும். சரியான முறை இது: சாவியை அணைத்து, ஹாரனின் இளம்பழுப்பு வயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளவுங்கள். இணைப்பு காட்டினால், இப்போது சிவப்பு பிளக்கைப் பிரித்துத் திரும்ப அளவுங்கள். இணைப்பு மறைந்தால் எஞ்சின் பக்கம் உரசல், மறையாவிட்டால் படகுக்குள் ஓடும் வயரில் உரசல். வயர்க்கட்டு எஞ்சின் மூடிக்குள் நுழையும் ரப்பர் வளையம், ஸ்டியரிங் திரும்பும்போது வயர் மடங்கும் இடம், கன்ட்ரோல் பெட்டிக்குள் லீவர் உரசும் மூலை ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள்.

தண்ணீர் ஓட்டம்

உண்மையான சூடு என்று உறுதியானால், எந்த வேகத்தில் சூடாகிறது என்பது நல்ல துப்பு. ஐடிலில் சூடாகி வேகத்தில் ஆறினால் தேய்ந்த இம்பெல்லர் அல்லது மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட். ஐடிலில் நன்றாக இருந்து வேகத்தில் சூடானால் அழுத்த வால்வு திறக்கவில்லை, தண்ணீர் வாயில் அடைத்திருக்கிறது, அல்லது எஞ்சினை அதிக உயரத்தில் பொருத்தியதால் வாயில் காற்றை இழுக்கிறது.

நீர்த்தாரையை மட்டும் நம்ப வேண்டாம். பம்ப்பிலிருந்து கொஞ்சம் தண்ணீராவது வருகிறது என்று மட்டுமே அது சொல்லும், இரண்டு ஹெட்டிலும் தண்ணீர் சுற்றுகிறது என்று சொல்லாது. தாரை நின்று, ஹெட் குளிர்ந்திருந்தால் தாரைக் குழாயின் வாயை உப்பு அடைத்திருக்கும். தடித்த நைலான் நரம்பை விட்டுக் குத்தினால் திறந்துகொள்ளும்.

இம்பெல்லரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மணலும் சேறும் கலங்கும் ஆழமற்ற தண்ணீரில் ஓட்டுபவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. வாங்கிய எஞ்சினின் பழைய கதை தெரியாவிட்டால் இன்றே. வேலை இப்படி:

பேட்டரியையும் பிளக் வயர்களையும் கழற்றிவிடுங்கள். கார்புரேட்டருக்குக் கீழே கியர் தண்டை லீவரோடு இணைக்கும் திருகைக் கழற்றினால்தான் கியர் கேஸ் இறங்கும். ப்ரொப்பெல்லருக்கு மேலே உள்ள சிறு துடுப்பின் கோணத்தைக் குறித்துக்கொண்டு அதைக் கழற்றுங்கள். அதன் குழிக்குள் ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது, அதை மறந்துவிட்டுச் சம்மட்டி தேடுபவர்கள்தான் அதிகம். கியர் கேஸை நேராகக் கீழே இறக்குங்கள்.

தண்ணீர் பம்ப் வீட்டின் (இம்பெல்லரை மூடியிருக்கும் உறையின்) நான்கு திருகுகளும் உப்பில் இறுகியிருக்கும். பலவந்தப்படுத்தினால் தலை முறியும், கேஸ் டார்ச்சால் சூடாக்கித் திருகுங்கள். இம்பெல்லரை மட்டும் மாற்றாமல் வீடு, உள் கிண்ணம், அடித்தட்டு, கேஸ்கட், இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறு சாவி எல்லாம் அடங்கிய முழு கிட்டையும் போடுங்கள். கிண்ணத்தில் விரல் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது இம்பெல்லரும் அழுத்தம் தராது. பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த ரப்பர் துண்டு மேலே தண்ணீர்க் குழாயிலோ தெர்மோஸ்டாட் அறையிலோ காத்திருக்கிறது. அதை எடுக்காமல் மூடினால் ஹாரன் இன்னொரு நாள் கத்தும்.

புதிய இம்பெல்லரில் சோப்புத் தண்ணீர் அல்லது கிளிசரின் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். இம்பெல்லரைச் சுழற்றும் தண்டை மேலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றியபடி வீட்டைக் கீழே அழுத்துங்கள், இதழ்கள் சரியான பக்கம் மடியும். இம்பெல்லர் சாவி இடம் விட்டு நழுவவில்லை என்று உறுதி செய்யுங்கள். தண்டின் மேல் பற்களுக்குப் பக்கவாட்டில் மட்டும் கிரீஸ் போடுங்கள். உச்சியில் போட்டால் அது மேலே சிக்கி, தண்டு முழுதாக உட்கார விடாது. ஏற்றும்போது தண்ணீர்க் குழாய் தன் ரப்பர் வளையத்துக்குள் நுழைய வேண்டும். வெளியே நின்றுவிட்டால் மொத்த வேலையும் வீண்.

தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட்டுகள் உப்புநீர் எஞ்சினில் முறியப் பிறந்தவை. சூடாக்கி, லேசாகத் தட்டி, முன்னும் பின்னும் கால் சுற்றாகத் திருப்பி எடுங்கள். தெர்மோஸ்டாட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்கி, சுமார் 62 டிகிரியில் திறக்கத் தொடங்குகிறதா என்று பாருங்கள். வெந்நீரில் திறக்காதது குப்பைக்கு. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவதும் தீர்வல்ல. அளவுக்கு மீறிக் குளிர்ந்த டூ ஸ்ட்ரோக்கில் கரி படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பக்கம் மட்டும் சூடானால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் ஆவியில் கழுவியதுபோல் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கம்ப்ரஷனையும் அளவுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடு ஏற்கெனவே சேதம் செய்திருக்கிறது.

விஆர்ஓ ஆயில் அலாரம்

விஆர்ஓ பம்ப் பெட்ரோலையும் ஆயிலையும் ஒரே இடத்தில் கலந்து அனுப்புகிறது. அதை ஓட்டுவது கிராங்க் கேஸிலிருந்து வரும் அழுத்தத் துடிப்பு. நான்கு வயர் உள்ள பம்ப்புகளில் ஊதா மின்சாரம், கறுப்பு எர்த், இளம்பழுப்பு ஹாரன், சாம்பல் நிற வயர் டாக்கோமீட்டர் (எஞ்சின் சுற்றைக் காட்டும் மானி) துடிப்பு. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஆயில் துடிப்பு வரவில்லை என்று தெரிந்தால் பம்ப் ஹாரனை விட்டு விட்டு எர்த் செய்யும். டாக்கோமீட்டர் வேலை செய்யாத எஞ்சினில் இந்த எச்சரிக்கையை நம்பாதீர்கள், முதலில் டாக்கோமீட்டர் துடிப்பைச் சரிசெய்யுங்கள்.

சோதிக்கும்போது பெட்ரோலில் 50க்கு 1 ஆயில் கலந்து வைத்துக்கொண்டே சோதியுங்கள். புகை கூடும், அவ்வளவுதான். பம்ப் பழுதாக இருந்தாலும் எஞ்சின் தப்பும்.

ஆயில் டேங்கில் மட்டம் நிற்கும் இடத்தில் டேப் ஒட்டி, 25 லிட்டர் பெட்ரோல் தீரும் வரை ஓட்டுங்கள். பெரும்பாலும் வேகமாக ஓட்டியிருந்தால் மட்டம் அரை லிட்டருக்குப் பக்கமாக இறங்கியிருக்க வேண்டும். மெதுவாகவே ஓட்டினால் இதைவிடக் குறைவாகச் செலவாகும், ஏனெனில் குறைந்த வேகத்தில் விஆர்ஓ ஆயிலைக் குறைக்கிறது. மட்டம் அசையவே இல்லை என்றால் பம்ப் ஆயிலை இழுக்கவில்லை.

பம்ப்பைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள். ஆயில் லைனில் காற்று புகுவதுதான் அடிக்கடி நடப்பது. சாதாரணத் திருகு கிளாம்ப் குழாயை வட்டமாக இறுக்காது, ஓரத்தில் காற்று நுழையும். முழு வட்டமாக இறுக்கும் கிளாம்ப் போடுங்கள். டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் அடியில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவுங்கள். மூடி சரியாக இறுகாத டேங்கில் மழைநீர் புகுந்து, அடியில் பாலாடை போன்ற கசடு தேங்கியிருக்கும். லைனைத் திறந்து மூடினால் ஆயில் கைப்பம்பை அழுத்தி, குமிழி இல்லாமல் ஆயில் வரும் வரை காற்றை வெளியேற்றுங்கள். பம்ப்புக்கு முன் ஒரு துண்டு, உள்ளே தெரியும் குழாய் போட்டு வைத்தால் பிறகு கண்ணாலேயே பார்க்கலாம்.

பம்ப்பே போய்விட்டால் புதிது வாங்கலாம், அல்லது பழைய பம்ப்பைப் பெட்ரோல் பம்ப்பாக மட்டும் வைத்துக்கொண்டு கலவைப் பெட்ரோலுக்கு மாறலாம். எஞ்சினின் வயதைப் பார்க்கையில் இரண்டாவது ஒன்றும் கேவலமில்லை. நான்கு வயர் பிளக்கைப் பிரித்துக் காப்பிட்டுவிடுங்கள். பம்ப்பில் ஆயில் நுழையும் முனையை மூடி கிளாம்ப் போடுங்கள், திறந்து விட்டால் அதன் வழியே காற்றை இழுக்கும். ஆயில் டேங்க் வயரையும் கழற்றுங்கள். பெட்ரோல் ஊற்றும் வாயில் "50க்கு 1" என்று அழியாத மையில் எழுதுங்கள். இத்தனைக்கும் பிறகு சூட்டு ஸ்விட்சின் வயர்கள் ஹாரனோடு இணைந்தே இருக்க வேண்டும். ஆயில் அலாரத்தை நிறுத்துகிறேன் என்று ஹாரனையே கழற்றுவதுதான் இந்த மாற்றத்தில் நடக்கும் பெரிய தவறு.

பெட்ரோல் தடை

ஹெட் குளிர்ச்சி, ஆயில் சரி, வயரிங் சரி, வேகம் எடுத்தால் மட்டும் விடாமல் கத்துகிறது என்றால் வெற்றிட ஸ்விட்ச் பேசுகிறது. பெட்ரோல் பற்றாமல் ஓடும் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் தலை ஓட்டையாகும். ஆகவே இதையும் அலட்சியம் செய்ய முடியாது. புதுக் குழாயோடு ஒரு சிறு டேங்கை நேரே எஞ்சினில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். அலாரம் வரவில்லை என்றால் தடை படகின் டேங்குக்கும் எஞ்சினுக்கும் இடையே: காற்றுத் துளை, உறிஞ்சு குழாயின் வலை, சைஃபன் தடுப்பு வால்வு, ஃபில்டர், உட்சுவர் பெயர்ந்த பழைய குழாய் என்ற வரிசையில் பாருங்கள்.

2500 சுற்றுக்கு மேல் ஏறாத எஞ்சின்

பல வி4, வி6 மாடல்களில் சூட்டு ஸ்விட்சின் வயர் பவர் பேக்குக்கும் (ஸ்பார்க்கை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) போகிறது. சூடானால் எஞ்சினை அது நிமிடத்துக்குச் சுமார் 2500 சுற்றுக்கு இறக்கிவிடும். எஞ்சின் குலுங்கி, பிளக் போனதுபோல் ஓடும். ஓஎம்சி இதற்கு வைத்த பெயர் 'ஸ்லோ'. பிந்தைய மாடல்களில் எஞ்சின் ஆறி, அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தால்தான் விடுபடும்.

சூடே இல்லாமல் இப்படி நடந்தால் பவர் பேக்குக்குப் போகும் இளம்பழுப்பு வயர்களைப் பிரித்து ஓட்டுங்கள். வேகம் திரும்பினால் ஸ்விட்சிலோ வயரிலோ பழுது. அந்த வயர் ஸ்பார்க் பிளக் வயரை ஒட்டி ஓடினால் அதன் மின்துடிப்பே 'ஸ்லோ'வைத் தூண்டிவிடும், தள்ளிக் கட்டினாலே போதும். ஆயில் அலாரம் கத்தும்போதெல்லாம் வேகமும் விழுந்தால் வயரிங்குக்குள் இருக்கும் தடுப்பு டையோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

1996க்குப் பிறகும், பிற எஞ்சின்களும்

சிஸ்டம்செக் மாடல்களில் வேலை சுலபம். சாவி ஆன் செய்ததும் ஹாரன் ஒருமுறை ஒலித்து நான்கு விளக்கும் எரிந்து ஒவ்வொன்றாக அணையும். அணையாமல் நிற்கும் விளக்கே விடை. இங்கே நான்கு சேதிக்கும் நான்கு வயர்: தனி இளம்பழுப்பு சூட்டுக்கு, மஞ்சள் கோடு போட்டது ஆயில் இல்லை என்பதற்கு, கறுப்புக் கோடு ஆயில் குறைவுக்கு, ஆரஞ்சுக் கோடு 'செக் எஞ்சின்' விளக்குக்கு. பழைய மாடலின் ஹாரனை இதில் பொருத்த முடியாது.

யமஹாவில் சூட்டு ஸ்விட்சின் வயர் இளஞ்சிவப்பு. ஆயிலுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். சிவப்பு எரிந்தால் பஸ்ஸர் கத்தி, வேகம் சுமார் 2000 சுற்றுக்கு இறங்கும். மெர்க்குரியில் விடாத சத்தம் சூடு, விட்டு விட்டு வந்தால் ஆயில். அங்கே தனி ஆயில் டேங்க் கிராங்க் கேஸ் அழுத்தத்தில்தான் ஆயிலை எஞ்சினுக்குத் தள்ளுகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து காற்று கசிந்தால் டேங்க் நிறைய ஆயில் இருந்தும் அலாரம் கத்தும். மீன்பிடி வள்ளங்களில் ஓடும், ஆயில் கலந்த பெட்ரோலில் இயங்கும் சிறு கைப்பிடி எஞ்சின்களில் பெரும்பாலும் ஹாரனே கிடையாது. அங்கே நீர்த்தாரையைக் கையால் தொட்டுப் பார்ப்பதுதான் அலாரம்.

வேலை முடிந்த பிறகு

தண்ணீர் வாயிலில் மாட்டும், காதுக்கவசம் போன்ற குழாய் இணைப்பில் ஓட்டிப் பார்ப்பது பாதிச் சோதனைதான், பளு இல்லாத எஞ்சின் தன் சூட்டைக் காட்டாது. கரையோரமாகப் படகை இறக்கி, ஐடிலில் பத்து நிமிடம், நடு வேகத்தில் பத்து நிமிடம், முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இரு ஹெட்டையும் அதே கறுப்புப் புள்ளியில் அளந்து எழுதி வையுங்கள். மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதியோடு எழுதினால் தொலையாது. கடைசியாகச் சாவியை ஆன் செய்து இளம்பழுப்பு வயரை ஒருமுறை எர்த் செய்து, ஹாரன் கத்துவதைக் கேட்டுவிட்டு இணைப்பைப் பழையபடி செருகுங்கள்.